ஐபாடு இருந்தால் பாம் வேண்டாமா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் ஐபாடு, 5 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட பாட்டுப் பெட்டி மட்டுமே. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் முகவரிகளைக் காட்டும் வசதி அதில் சேர்ந்தது. அதே ஆண்டில் நாட்காட்டியும் வந்தது. 2003 ஏப்ரலில் வந்த மூன்றாம் தலைமுறையோடு எழுத்துக் குறிப்புகளும் அலாரமும் இடம்பெற்றன. ஒரு பையில் ஐபாடும் மறு பையில் பாம் என்ற கையடக்க மின்னணு நாட்குறிப்புக் கருவியும் வைத்திருந்தவர்களுக்கு, இனி இரண்டாவது எதற்கு என்ற எண்ணம் வந்தது இயல்பே. கைபேசியின் ஓயாத அறிவிப்புகளிலிருந்து சற்று விலகியிருக்க விரும்பி, பழைய ஐபாடையோ பாமையோ தேடி வாங்கி, இரண்டில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. இந்த இரு கருவிகளுக்கும் புதியவர்களான வாசகர்களுக்காகவே இக்கட்டுரை.

இங்கே ஐபாடு என்று சொல்வது சக்கரத்தைத் தடவி இயக்கும் வகைகளை: பெரிய ஐபாடு, மினி, தொடக்கக் கால நானோக்கள். ஷஃபிளுக்குத் திரையே இல்லாததால் அது இந்தப் பேச்சில் வராது. டச் வேறு வகையைச் சேர்ந்தது என்பதால் அதைக் கடைசியில் தனியாகப் பார்க்கலாம். பாம் என்பது 1996இல் வந்த பைலட் 1000 தொடங்கி, 2005இல் வந்த டிஎக்ஸ் வரையிலான, பாம் ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கருவிகளைக் குறிக்கும்.

முடிவுக்கு அடிப்படையான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐபாடு உங்கள் தகவலைக் காட்டும். உங்களிடமிருந்து எதையும் எழுதி வாங்கிக்கொள்ளாது. ஒரு தொலைபேசி எண்ணைத் திருத்தவோ, நாளை மறுநாள் சந்திப்பு ஒன்றைச் சேர்க்கவோ, முடிந்த வேலையை அடித்துவிடவோ அதன் மேலேயே வழி கிடையாது. எல்லாத் திருத்தமும் கணினியில் நடந்து, கம்பி வழியே ஐபாடுக்குப் போக வேண்டும். பாம் கருவியோ எழுதுவதற்கென்றே பிறந்தது. கிராஃபிட்டி என்ற எழுத்து முறையில் முனைக்கோலால் கிறுக்கினால் அது எழுத்தாகிவிடும், மாலையில் கணினியோடு இணைக்கும் தொட்டிலில் வைத்து ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினால் கணினியும் கருவியும் ஒன்றுக்கொன்று செய்தி மாற்றிக்கொள்ளும். ஆகவே வசதிப் பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. உங்கள் தகவல்கள் எங்கே பிறக்கின்றன, மேசையிலா தெருவிலா என்பதைத்தான் கண்டறிய வேண்டும்.

முதல் படி: ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

எதையும் வாங்குவதற்கோ விற்பதற்கோ முன், ஒரு வார காலம், இப்போது நீங்கள் பயன்படுத்துவது பாமோ கைபேசியோ காகித நாட்குறிப்போ, அதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுத் தாளில் குறி இடுங்கள். பார்ப்பதற்காக எடுத்திருந்தால் ஒரு கோடு, எழுதுவதற்காக எடுத்திருந்தால் ஒரு வட்டம். வட்டம் போடும்போது, அந்த நேரத்தில் கணினிக்கு அருகில் இருந்தீர்களா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள், ஏனெனில் மேசையில் உட்கார்ந்து எழுதிய வட்டங்களை ஐபாடு ஈடுகட்டிவிடும், வெளியில் நின்றுகொண்டு எழுதியவற்றைத்தான் அதனால் ஈடுகட்ட முடியாது.

இந்தச் சோதனை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் கருவி உருவாகும் முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சந்திப்பு குறிக்க வேண்டிய போதெல்லாம் அதை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தார். பாமின் அளவும், அதன் நான்கு முதன்மைப் பொத்தான்கள் நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பேடு என்று அமைந்ததும் அப்படிப்பட்ட பழக்கக் கவனிப்பின் விளைவுதான். ஒரு மரக்கட்டைக்கு அவர் கொடுத்த பொறுமையை நாம் ஒரு துண்டுத் தாளுக்குக் கொடுப்பதில் தவறில்லை.

வார முடிவில் கோடுகள் மிகுதியாகவும், வெளியில் போட்ட வட்டங்கள் நாளுக்கு ஒன்றிரண்டாகவும் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். வட்டங்கள் தாளை நிரப்பியிருந்தால், குறிப்பாக நீங்கள் விற்பனைப் பிரதிநிதியாகவோ, வீடு வீடாகச் சென்று சேவை செய்பவராகவோ, கூட்டத்துக்குக் கூட்டம் ஓடுபவராகவோ இருந்தால், ஐபாடு உங்களுக்குப் பாட்டுக் கேட்க மட்டுமே. பாமையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கையில் உள்ள மாடல் எது என்று பாருங்கள்

எல்லா ஐபாடும் ஒன்றல்ல. குறிப்பு வசதி வேண்டுமானால் மூன்றாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. நான்கு இலக்க எண் போட்டுத் திறக்கும் திரைப்பூட்டு, 2005இல் வந்த நானோவிலும் அதே ஆண்டின் வீடியோ ஐபாடிலும்தான் தொடங்குகிறது. அந்தப் பூட்டும் திரையை மட்டுமே மூடுகிறது. உள்ளே இருக்கும் முகவரிக் கோப்புகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. வங்கிக் கடவுச்சொற்களைப் பாமின் தனிப்பட்ட பதிவுகளில் ஒளித்து வைக்கும் பழக்கம் இருந்தால், அவற்றை ஐபாடுக்கு மாற்ற வேண்டாம். பாமிலும் அது வலுவான காப்பு அல்ல என்பது வேறு செய்தி.

மின்கலமும் முக்கியம். பழைய பைலட்டுகள் இரண்டு ஏஏஏ பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடும், தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஐபாடில் பாட்டும் நாட்காட்டியும் ஒரே மின்கலத்தைப் பகிர்கின்றன. மூன்றாம் தலைமுறைக்கு ஆப்பிள் சொன்ன கணக்கே 8 மணி நேரம்தான். இத்தனை ஆண்டுகள் கழித்து, மாற்றப்படாத மின்கலத்தில் அதில் பாதி கிடைத்தாலே அதிருஷ்டம். பேருந்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய், இறங்குமிடத்தில் முகவரி பார்க்க எடுக்கும்போது திரை கறுத்திருந்தால், நாட்குறிப்புக் கருவியாக அது தோற்றுவிட்டது என்று பொருள்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஐபாடு உறுதியாக மேல். டங்ஸ்டன் டி5, டங்ஸ்டன் இ2 போன்ற பிந்தைய மாடல்களுக்கு முந்திய பாம்களில், மின்கலம் முழுதாக வடிந்தால் உள்ளிருக்கும் அத்தனையும் அழிந்துவிடும். ஐபாடில் தகவல் ஹார்ட் டிஸ்க்கிலோ ஃபிளாஷ் நினைவகத்திலோ கோப்பாக இருப்பதால், மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்தாலும் மறையாது.

மூன்றாம் படி: பாமில் உள்ளதை வெளியே எடுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். 64 பிட் விண்டோஸுக்கான யூஎஸ்பி டிரைவரைப் பாம் நிறுவனம் வெளியிடவில்லை. அதனால் இன்றைய மடிக்கணினியில் பாமின் கணினித் துணை மென்பொருளான பாம் டெஸ்க்டாப்பை நிறுவித் தொட்டிலைச் செருகினால், பெரும்பாலும் எதுவும் நடக்காது. கருவி பழுது என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி ஒன்று வீட்டிலோ நண்பரிடமோ இருந்தால் அதுவே எளிய வழி. அகச்சிவப்பு அல்லது புளூடூத் உள்ள பாம்களில் அந்த வழியாகவும் ஒத்திசைக்கலாம்.

ஒத்திசைத்ததும், பாம் டெஸ்க்டாப்பின் முகவரிப் பகுதியில் எல்லாவற்றையும் தேர்ந்து விகார்டு வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். நாட்காட்டியை விகால் வடிவில் எடுக்கலாம். ஐபாடு விகார்டையும், நாட்காட்டிக்கு ஐகேலண்டர், விகால் ஆகிய இரண்டையும் படிக்கும், ஆகவே இடையில் வேறு மென்பொருள் தேவைப்படாது. குறிப்பேட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நகலெடுத்துச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் இந்தச் சலிப்பு நல்லதே செய்யும்: ஐந்து ஆண்டுகளாகத் திறக்காத குறிப்புகளை இங்கேயே விட்டுவிடலாம்.

பாம் இல்லாமல் கூகுள் கணக்கிலிருந்து தொடங்குபவர்களுக்கு வேலை இன்னும் எளிது. தொடர்புகள் பக்கத்தில் விகார்டாக ஏற்றுமதி செய்யவும், நாட்காட்டி அமைப்புகளில் ஐகேலண்டர் கோப்பாக எடுக்கவும் வசதி உண்டு. கணினி உலாவியில் செய்ய வேண்டும். பத்தாண்டுப் பழைய நிகழ்வுகளையும் சேர்த்து இறக்காமல், வரும் மாதங்களுக்கான தனி நாட்காட்டி ஒன்றை உருவாக்கி அதை மட்டும் எடுப்பது நல்லது. அந்தச் சின்னத் திரையில் பழங்கணக்கு பார்க்க எவருக்கும் பொறுமை இருக்காது.

நான்காம் படி: ஐபாடில் ஏற்றுங்கள்

ஐபாடைக் கணினியில் செருகி, ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளில் அதன் பக்கத்தைத் திறந்து, வட்டாக (டிஸ்க்) பயன்படுத்த அனுமதிக்கும் பெட்டியில் குறி இடுங்கள். சக்கரத்திலேயே பொத்தான்கள் அமைந்த கிளிக் வீல் மாடல்களில் ஐடியூன்ஸ் இல்லாமலும் இதைச் செய்யலாம்: மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, ஆப்பிள் சின்னம் தோன்றியதும் விட்டு, உடனே நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் அது வட்டு நிலைக்குப் போகும். இப்போது கணினியில் ஒரு டிரைவாகத் தெரியும். விண்டோஸில் தெரியாமல், வட்டை வடிவமைக்கட்டுமா என்று கேட்டால், அந்த ஐபாடு மேக் கணினிக்காக வடிவமைக்கப்பட்டது என்று பொருள். விண்டோஸுக்கான வடிவமைப்பில் இருந்தால் இரண்டு வகைக் கணினிகளிலும் திறக்கும்.

உள்ளே கான்டாக்ட்ஸ், கேலண்டர்ஸ், நோட்ஸ் என்று மூன்று கோப்புறைகள் இருக்கும். விகார்டு கோப்பை முதலாவதில், நாட்காட்டிக் கோப்பை இரண்டாவதில், எழுத்துக் கோப்புகளை மூன்றாவதில் போட்டு, டிரைவை முறையாக வெளியேற்றிய பின் கம்பியைக் கழற்றுங்கள். அவ்வளவே வேலை. ஐபாடின் உண்மையான பலம் எனக்குத் தெரிந்து இந்த எளிமைதான்: டிரைவரோ ஒத்திசைவு மென்பொருளோ இல்லாமல், வெறும் கோப்பை நகலெடுத்தாலே போதும் என்பதால், பாமின் துணை மென்பொருள் காலாவதியான பிறகும் இது தொடர்ந்து பயன்படுகிறது.

ஒரு குறிப்பு 4 கேபிக்கு மேல் போனால் மீதி திரையில் வராது. மொத்தம் 1000 குறிப்புகள் வரைதான் ஏற்கும். பழைய பாம் குறிப்பேட்டின் வரம்பும் ஏறத்தாழ 4 கேபிதான் என்பதால், அங்கிருந்து வரும் குறிப்புகள் பெரும்பாலும் வெட்டுப்படாமல் பொருந்தும். நோட்ஸுக்குள் துணைக் கோப்புறைகளும் வைக்கலாம் என்பதால், ரயில் நேரம், மருந்துச் சீட்டு, சமையல் குறிப்பு என்று பிரித்து வைத்தால் சக்கரத்தை நெடுநேரம் சுழற்ற வேண்டியதில்லை. வலைப்பக்க நிரலில் வரும் இணைப்புக் குறிகளை எழுதினால், ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் முடியும். நீண்ட பயணத் திட்டத்தை நாள்வாரியாகப் பிரித்து இப்படிக் கோத்து வைத்தால், பாமைவிட வசதியாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: நம்புவதற்கு முன் சோதியுங்கள்

முதலில் பெயர்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்து எங்கே போய் உட்காரும் என்பது பெரும் குழப்பம். முகவரிக் கோப்பில் தந்தை பெயரின் முதலெழுத்து குடும்பப் பெயருக்கான இடத்தில் இருந்தால், ஐபாடு அந்த எழுத்தைக் கொண்டே வரிசைப்படுத்தி, ஆர். முருகனை எம் வரிசையில் தேட விடாமல் ஆர் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும். அமைப்புகளில் கான்டாக்ட்ஸ் பகுதிக்குப் போய், வரிசையையும் காட்சியையும் முதற்பெயர் முன்னே வருமாறு மாற்றிவிடுங்கள். பெயர்களைத் தமிழ் எழுத்தில் சேமித்திருந்தால், இரண்டு மூன்று முகவரிகளை மட்டும் முதலில் ஏற்றி, உங்கள் மாடலின் திரையில் எப்படி வருகின்றன என்று பார்த்துவிட்டு மற்றவற்றை ஏற்றுங்கள்.

முகவரியில் தேடும் வசதி இல்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். 2006 செப்டம்பரில் வந்த ஐபாடில் சேர்ந்த தேடல் பாட்டுகளுக்கு மட்டுமே. பாமில் இரண்டு எழுத்து எழுதினால் பெயர் முன்னே வந்து நிற்கும். ஐபாடில் சக்கரத்தைச் சுழற்றியே போய்ச் சேர வேண்டும். ஐம்பது அறுபது பேர் என்றால் தொல்லை தெரியாது. ஐந்நூறு பேர் என்றால், தேவையான எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவதே நல்லது.

அடுத்து நேரம். காலை 10 மணிக்கு ஒரு நிகழ்வை நாட்காட்டியில் போட்டு ஏற்றி, ஐபாடிலும் 10 மணியே காட்டுகிறதா என்று பாருங்கள். கூகுள் ஏற்றுமதிக் கோப்பில் நேரங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருப்பதால், ஐபாடின் நேர மண்டலம் சரியாக அமைக்கப்படாவிட்டால் நம் ஊர்ச் சந்திப்பு ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். ரயிலைத் தவறவிட அது போதும். வாராவாரம் வரும் நிகழ்வு ஒன்றையும் இதேபோல் போட்டு, அடுத்த மாதப் பக்கம் வரை சரியாகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒலி. நாட்காட்டி நினைவூட்டலுக்கு ஐபாடு எழுப்புவது மெல்லிய பீப் ஒலி மட்டுமே. பைக்குள் வைத்துத் தெருவில் நடந்தால் கேட்காது. மருந்து வேளை, விமான நேரம் போன்றவற்றை இதை நம்பி விட வேண்டாம். கைக்கடிகார அலாரம் இதைவிட நம்பகமானது.

ஆறாம் படி: எழுத முடியாத குறையை எதைக் கொண்டு நிரப்புவது

வெளியில் போட்ட வட்டங்கள் சிலவாவது உங்கள் தாளில் இருக்கும். அவற்றுக்கு மிகச் சிறந்த துணை ஒரு சிறு குறிப்பேடும் பேனாவும்தான். வெளியில் குறித்துக்கொள்வதைக் குறிப்பேட்டில் எழுதி, இரவில் கணினியில் சேர்த்து, ஐபாடுக்குச் சார்ஜ் ஏற்றும் அதே வேளையில் கோப்பையும் மாற்றிவிடுவது என்ற ஒழுங்கு பழகிவிட்டால், பெரும்பாலோருக்குப் பாம் நினைவுக்கே வராது. அந்த ஒழுங்கு வராதவர்களுக்கு இரண்டே நாளில் நாட்காட்டி பொய்யாகிவிடும். பழைய தகவலைத் தெளிவாகக் காட்டும் கருவி, எதையுமே காட்டாத கருவியைவிட ஆபத்தானது.

எழுதச் சோம்பலாக இருப்பவர்கள் பேசி வைக்கலாம். மூன்றாம், நான்காம் தலைமுறை ஐபாடுகளுக்கு மேலே செருகும் மைக்குகளும், வீடியோ ஐபாடுக்குக் கீழே செருகும் மைக்குகளும் தனித்தனியே விற்கப்பட்டன. பழைய பொருள் விற்குமிடங்களில் இன்னும் கிடைக்கலாம், ஆனால் உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு வழி ராக்பாக்ஸ். பழைய ஐபாடுகளில் ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இந்தத் திறந்த மூல மென்பொருளில், பதிவு சேர்க்கக்கூடிய நாட்காட்டியும், எழுத்துத் திருத்தியும், கால்குலேட்டரும் உண்டு. கால்குலேட்டர் ஆப்பிளின் மூல மென்பொருளில் இல்லவே இல்லை என்பதால் சிலருக்கு அதற்காகவே இது தேவைப்படும். திரையில் வரையப்பட்ட விசைப்பலகையில் சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஒரு தொலைபேசி எண்ணுக்குச் சரி, ஒரு முழு முகவரிக்குப் பொறுமை போய்விடும். கருவிக்குள் கை வைக்கப் பிடிப்பவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

எதிர்த் திசையும் டச்சும்

பாட்டைக் குறைவாகவும் குறிப்பை அதிகமாகவும் பயன்படுத்துபவர் கேள்வியையே திருப்பிப் போடலாம். டங்ஸ்டன் இ, டிஎக்ஸ் போன்ற பாம்களில் எஸ்டி கார்டு துளையும் எம்பி3 வாசிக்கும் மென்பொருளும் உண்டு. 2005இல் வந்த லைஃப்டிரைவில் 4 ஜிபி சேமிப்பகம் உள்ளேயே இருந்தது. அன்றாடம் கேட்கும் சில ஆல்பங்களுக்கு அது போதும். முழுத் தொகுப்பையும் கையில் வைத்திருக்க விரும்புவோருக்குப் போதாது.

2007 செப்டம்பரில் வந்த ஐபாடு டச்சில் தொடுதிரை விசைப்பலகை இருப்பதால் எழுத முடியாத குறை அங்கே இல்லை. வெளியான புதிதில் அதன் நாட்காட்டியில் பதிவு சேர்க்க முடியாமல் இருந்து, பின்னரே அந்த வசதி வந்தது. மின்னஞ்சலும் குறிப்பேடும் 2008 ஜனவரியில் 20 டாலர் கட்டணத்துடன் சேர்க்கப்பட்டன. பாமின் இடத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஐபாடு என்றால் அது டச் மட்டுமே. ஆனால் அறிவிப்புகளுக்கும் உலாவிக்கும் பயந்து பழைய கருவிக்கு வருபவருக்கு அது மறுபடியும் கைபேசியாகவே அமையும் என்பதால், எதற்காகக் கைபேசியை விட்டு விலக நினைத்தீர்கள் என்பதை யோசித்து வாங்குங்கள்.

பாமை ஓய்வுபெறச் செய்யும் முன்

மாறுவது என்று முடிவு செய்தாலும் ஒரு மாதம் இரண்டையும் வைத்திருங்கள். முதல் இரண்டு வாரம் ஐபாடை மட்டுமே எடுத்துச் செல்லுங்கள். அந்த நாட்களில் பாமை வீட்டில் சார்ஜோடு வைத்திருப்பது அவசியம், ஏனெனில் விட்டுப்போன குறிப்பைத் தேடித் திறக்கும்போது பழைய மாடல் வடிந்துபோய் வெறுமையாக நிற்கக்கூடாது. பிறகு பிறருக்குக் கொடுப்பதானால், ஏஏஏ பேட்டரி மாடலாக இருந்தால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். மற்றவற்றில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்புறத் துளையிலுள்ள ரீசெட்டைக் குத்தி, பாம் சின்னம் வந்ததும் பவரை விட்டு, எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்ற கேள்வி திரையில் வரும்போது மேல்நோக்கிய பொத்தானை அழுத்துங்கள். எஸ்டி கார்டு உள்ளே இருந்தால் இந்த முறை அதைத் தொடாது என்பதால் அதைத் தனியாக எடுத்துவிட வேண்டும். பழைய ஐபாடு வாங்கியவர்களும் கான்டாக்ட்ஸ் கோப்புறையை ஒரு முறை திறந்து, முந்தைய உரிமையாளரின் உறவினர் எண்கள் இன்னும் அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள்.